எங்கட ரீம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் விடுதியில் தொலைபேசிக்கு வரிசை நீளும். வீட்டில் என்ன சமையல், தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டதா, அடுத்த கிழமை யார் பார்க்க வருகிறீர்கள் என்று தோழிகள் கேட்பார்கள். என் முறை வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "உம்மா, எத்தனைக்கு எத்தனை?" என்பதுதான். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

உம்மா அதற்கு நேரே பதில் சொல்லமாட்டார். "ஏழாம் நம்பர் புள்ளைக்கு முழங்கால் உரஞ்சிப் போச்சு. தண்ணி குடிக்கக்கூட விடாம ஓட வைக்கிறாங்க. அந்தக் கோல் அடிக்கிற பொடியன் மெலிஞ்சு போனான், தாய் ஊர்ல இல்லையாம்" என்று இரண்டு அணியினதும் சுகதுக்கங்களைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில்தான், "ரெண்டுக்கு ஒண்டு" என்பார். யாருக்கு இரண்டு, யாருக்கு ஒன்று என்று கேட்க அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

உதைபந்தாட்டத்தில் எனக்கு எப்படி இந்தப் பைத்தியம் வந்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். இது எங்கள் வீட்டுச் சொத்து. வாப்பாவின் வாப்பாவிடமிருந்து வந்தது. அவரை நாங்கள் அப்பா என்று கூப்பிடுவோம்.

அப்பாவின் ஊர் முல்லைத்தீவு நீராவிப்பிட்டி. தொழில் கருவாட்டு வியாபாரம். கிழமையில் இரண்டு நாள் சைக்கிளில் முல்லைத்தீவு நகரத்தைத் தாண்டி, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, முள்ளிவாய்க்கால் கரைக்குப் போவார். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல். இடையில் ஒரு மணல் துண்டு. கருவாடு நன்றாகக் காய்ந்து முடியும்வரை காத்திருக்கும் நேரத்தில் அங்கிருந்த மீனவப் பொடியன்களோடு பந்து உதைக்கத் தொடங்கியிருக்கிறார். கொஞ்ச நாளில் அவர்களுடைய அணிக்கு அவர்தான் இடது பக்க முன்னோட்டக்காரர். அது 1977ஆம் ஆண்டு. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். "மாவட்டத்தைவிட எங்கட ரீமுக்கு ஒரு வயசு கூட" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்து 70,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். அப்பாவுக்கு அப்போது 32 வயது, வாப்பாவுக்குப் பத்து வயது. சைக்கிளையும் விட்டுவிட்டு நடந்தும், லொறியிலும் புத்தளம் வந்து சேர்ந்தார்கள். கிடுகுக் கொட்டிலில் வாழ்க்கை. நான் பிறந்ததும் புத்தளத்தில்தான்.

புத்தளம் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன ஊர். பின்னேரமானால் எந்த வெளியிலும் பந்து உருளும். அப்பா எல்லா மட்சுக்கும் போவார். ஆனால் எந்த அணிக்கும் கத்தமாட்டார் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். 1996 மார்ச் 17இல் இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது முகாமே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் நின்றதாம். அரவிந்த டி சில்வாவின் சதத்துக்கு அப்பாவும் கைதட்டினாராம். பிறகு வெளியே வந்து, "எங்கட ரீம் இப்ப விளையாடுதோ தெரியேல்ல" என்று தனியே சொல்லிக்கொண்டாராம்.

எங்களை நித்திரையாக்க அப்பா கதை சொல்வதில்லை. தன்னுடைய பதினொரு பேரைச் சொல்வார். கோல் காப்பாளரில் தொடங்கி இடது முனையில் முடிப்பார். பெயரோடு, அவர் எந்தக் காலால் உதைப்பார், தலையால் அடிப்பாரா, யாரோடு கோபம் என்பதெல்லாம் வரும். முள்ளிவாய்க்காலைக் காணும் முன்பே அந்தப் பதினொரு பேரையும் நான் பாடமாக்கிவிட்டேன்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது அப்பா ஒருமுறை போய் வந்தார். எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் ஆலமரம் முளைத்திருந்ததாம். பழைய அணியில் ஆறு பேரைக் கண்டாராம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. பின்வரிசையில் நின்ற சகோதரர்கள் இருவரும் அன்றைக்குப் போய்விட்டார்கள். 2006இல் பாதை மறுபடி பூட்டப்பட்டது. 2009இல் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அப்பா கருவாடு காயக் காத்திருந்த அதே மணல் துண்டில்தான் அந்தப் போர் முடிந்தது.

2010இல் அப்பா தனியாகத் திரும்பிப் போய் ஒரு தகரக் கொட்டில் போட்டார். எங்கள் குடும்பம் 2013இல் போனது. எனக்கு ஆறு வயது. ராத்தாவுக்குப் பத்து, தம்பிக்கு மூன்று. உம்மா புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இது திரும்பிப் போவதல்ல, புதிதாகப் போவது. "கிணத்துல தண்ணி இல்ல, கரண்ட் இல்ல, ஒரு சொந்தக்காரர் இல்ல. உங்கட வாப்பாட ரீமுக்காக நாங்களும் காட்டுக்கு வரணுமா?" என்று வாப்பாவிடம் அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வருடம் அப்பா என்னை முதன்முதலாக முள்ளிவாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். பனை வடலிகளுக்கு இடையில் ஒரு வெளி. கம்பு நட்டு கோல் போட்டிருந்தார்கள். கோலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஊன்றுகோலோடு ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அப்பா பேசாமல் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கோ நானா. இருங்கோ" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கோல் காப்பாளர் அப்பாவை எப்போதும் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. இவர் வேறு யாரோ என்று நினைத்தேன். இருவரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். தேத்தண்ணி வந்தது. மழை, வலை, மண்ணெண்ணெய் விலை பற்றிப் பேசினார்கள். இடைவேளையும் முடிந்தது. அப்போது அவர் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீங்கள் போகேக்க நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருக்கலாம்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு இஞ்ச நடக்கேக்க நாங்க ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தனாங்க. கடைசி நாள் புத்தளத்தில பட்டாசுச் சத்தம் கேட்டுது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துட்டன்" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர்கள் எடுத்ததை நான் கேட்டதில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பொடியன் பந்தை வலது பக்கமாகவே கொண்டுபோய் இழந்துகொண்டிருந்தான். இரண்டாவது தேத்தண்ணிக்கு அவர் சொன்னார், "மச்சான், நீ போன பிறகு இண்டைக்கு வரைக்கும் இந்த ரீமுக்கு இடப்பக்கத்தால பந்து வந்ததில்லையடா."

எனக்கு அப்போதுதான் அவர் யார் என்று உறுதியானது. அன்றிலிருந்து அவர் எனக்கு 'கோல்கீப்பர் அப்பு'.

வீட்டுக்கு வரும் வழியில் வட்டுவாகல் பாலத்தில் அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பதினொரு பேரையும் மீண்டும் சொன்னார். இந்தமுறை பாட்டு மாறியிருந்தது. கோல் காப்பாளர், ஒரு கால் இல்லை. பின்வரிசைச் சகோதரர் இருவர், கடல். வலது பின்வரிசை, அப்பாவின் மச்சினர், புத்தளத்தில் கடை, திரும்பி வரமாட்டார். நடுவில் நின்ற ஆசிரியர் கனடாவில். இன்னொருவர் சுவிஸில். மூன்று பேர் 2009இல். ஒருவர் வவுனியாவில் மகளோடு. அவருடைய மகன் இன்னும் காணவில்லை. அவருடைய மனைவி 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் தொடங்கிய போராட்டப் பந்தலில் படத்தோடு இருந்ததைப் பிறகு நானே கண்டேன். இடது முனை, அப்பா. "மைதானத்தில நிக்கிறது ரெண்டு பேர். அதிலயும் ஒருத்தனுக்கு ஒரு கால்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

முள்ளிவாய்க்கால் அணியில் இப்போது விளையாடுபவர்கள் யாரும் அந்தப் பதினொரு பேரில் இல்லை. பாதிப் பேர் போர் முடிந்தபோது கைக்குழந்தைகள். மீன்பிடிக்குப் போய்வந்து, வலை காயப்போட்டுவிட்டு, பின்னேரம் பந்து உதைப்பவர்கள். மே மாதம் 12ஆம் திகதியிலிருந்து 18ஆம் திகதிவரை அவர்கள் பந்தைத் தொடமாட்டார்கள். அந்த வாரம் வீதியோரங்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அப்பா ஒவ்வொரு வருடமும் போய் ஒரு சிரட்டைக் கஞ்சி குடித்துவிட்டு வருவார். யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஏன் வந்தாய் என்று யாரும் கேட்டதுமில்லை.

2019இல் அப்பா மௌத்தானார். ஜனாஸாவுக்குக் கோல்கீப்பர் அப்பு ஆட்டோ பிடித்து வந்தார். உள்ளே வரத் தயங்கிப் படலையடியில் நின்றார். வாப்பா போய் அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து கதிரை போட்டார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளை, பதினொரு பேரையும் பாடமோ?" நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு எங்கள் வீடு வேகமாக மாறியது. 2022இல் நாட்டில் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசை. உரமில்லை. வாப்பா நம்பியிருந்த தோட்டமும் சிறுகடையும் இரண்டும் படுத்துவிட்டன. ஒக்டோபரில் சாரதி வேலைக்குக் கட்டார் போனார். அவர் போன அடுத்த மாதம் அங்கே உலகக் கிண்ணம் தொடங்கியது. "வாப்பா உலகக் கிண்ணம் பார்க்கத்தான் போனார்" என்று தம்பி வகுப்பெல்லாம் சொல்லித் திரிந்தான். டிசம்பர் 18, இறுதியாட்டத்தன்று இரவு வாப்பா எடுத்தார். லுசைல் அரங்கத்தின் வெளிச்சம் மட்டும் வாகனத்திலிருந்து தெரிந்ததாம். ஆர்ஜன்டினாவும் பிரான்ஸும் மூன்றுக்கு மூன்று சமநிலையில் நின்று, தண்ட உதையில் மெஸ்ஸியின் அணி வென்ற அந்த ஆட்டத்தை உலகமே பார்த்தது. வாப்பா அரங்கத்துக்குச் சில கிலோமீற்றர் தூரத்தில் வாகனத்துக்குள் இருந்து கொண்டு, முள்ளிவாய்க்காலில் ஞாயிற்றுக்கிழமை மட்ச் நடந்ததா என்று எங்களிடம் கேட்டார்.

அந்த உலகக் கிண்ணத்தில்தான் உம்மாவும் முதன்முதலாக ஒரு ஆட்டத்தைக் கவனித்தார். மொரோக்கோ போர்த்துக்கலை வென்றபின், ஒரு வீரர் தன் தாயை மைதானத்துக்குள் கூட்டிவந்து அவரோடு ஆடினார். அபாயா அணிந்த ஒரு சாதாரணத் தாய். உம்மா அந்தக் காட்சியைத் தொலைபேசியில் நான்கைந்து தரம் பார்த்தார். "தாய்மாரையும் உள்ளுக்கு விடுவாங்களா?" என்று கேட்டார்.

2023இல் ராத்தா கலியாணம் முடித்துப் புத்தளம் போனார். அதே வருடம் நான் உயர்தரம் படிக்க இந்தக் கல்லூரி விடுதிக்கு வந்தேன். ஆறு பேர் இருந்த வீட்டில் உம்மாவும் தம்பியும் மட்டும். தம்பி அப்போதுதான் எங்கள் ஊர் அணியில் சேர்ந்திருந்தான். சேர்த்தவர்கள் அவனை எங்கே நிறுத்தினார்கள் என்று நினைக்கிறீர்கள்? இடது முனையில். அவன் வலது காலால் எழுதத் தெரிந்தவன் போல ஓடுவான், ஆனால் இடது காலால்தான் உதைப்பான். அப்பாவைப் போலவே.

பிள்ளையைத் தனியே அனுப்பப் பயந்து உம்மாவும் மைதானத்துக்குப் போகத் தொடங்கினார். "பொம்பள புள்ள, புருசன் வெளிநாட்டில, மைதானத்தில என்ன வேல?" என்று பேச்சு வந்தது. அந்த வருடம் நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் எங்கள் பக்கத்து ஊரான முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்ற அம்மா, 72 வயதில், இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்று வந்தார். ஊரே கொண்டாடியது. உம்மா பேச்சு சொன்னவர்களிடம், "அவங்க எழுபத்திரெண்டு வயசில ஓடுறாங்க. நான் நாப்பத்தொண்டு வயசில மரத்துக்குக் கீழ இருந்து பாக்குறன். அதுக்குமா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது.

கடந்த வருடம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஆட்டம் வந்தது. முள்ளிவாய்க்கால் மைதானம். அவர்களுக்கும் எங்கள் ஊர் அணிக்கும் போட்டி. அப்பாவின் அணிக்கு எதிராகத் தம்பி.

நானும் உம்மாவும் போனோம். கோல்கீப்பர் அப்பு அதே இடத்தில் இருந்தார், கதிரை மட்டும் புதிது. மீன் காயப்போட்டுவிட்டு வந்த பெண்கள் உம்மாவுக்குப் பாயில் இடம் விட்டார்கள். உம்மா அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தார். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கட்டாரிலிருந்து வாப்பா அழைத்தார்.

"எங்கட ரீம் என்ன மாதிரி?"

உம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி மைதானத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் அவர் பெற்ற பிள்ளை. மறுபக்கம் அப்பா ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிந்த அணி. பக்கத்தில் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்.

"எந்த எங்கட ரீம்?" என்று கேட்டார்.

வாப்பாவிடமிருந்து சத்தமே வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம். பிறகு, "சரி. ரெண்டையும் சொல்லு" என்றார்.

முதற்பாதியில் முள்ளிவாய்க்கால் இரண்டு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் தம்பிக்கு ஒரு பந்து கிடைத்தது. கோட்டை ஒட்டி, இடது பக்கத்தால், இருவரைத் தாண்டி ஓடினான். "மறியுங்கோடா! விடாதையுங்கோடா!" என்று கோல்கீப்பர் அப்பு ஊன்றுகோலைத் தூக்கிக் கத்தினார். தம்பி பந்தைக் குறுக்கே உயர்த்திக் கொடுத்தான். நடுவில் நின்றவன் தலையால் அடித்தான். கோல். அப்பு ஊன்றுகோலை மெல்ல இறக்கினார். தன் அணிக்கு கோல் விழுந்த கவலையோடுதான் இருந்தார். ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்து, "இடப்பக்கத்தால வந்தது, பிள்ளை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எங்கள் அணி தோற்றது, ரெண்டுக்கு ஒன்று. தம்பி வீடு வரும்வரை யாருடனும் பேசவில்லை. உம்மா வழியெல்லாம், மற்ற அணியின் ஏழாம் நம்பர் பிள்ளையின் முழங்காலுக்கு மருந்து போட்டார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தார்.

இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம், இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு அழைப்பு. ராத்தாவுக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் புத்தளத்துக்கே வந்துவிடும்படி உம்மாவின் குடும்பம் கேட்டது. அங்கே நல்ல பாடசாலை, ஆஸ்பத்திரி, சொந்தபந்தம் எல்லாம் இருக்கிறது. வாப்பாவும் சம்மதித்துவிட்டார். "நீ அங்க தனிய. நான் எப்ப வருவனோ தெரியா. போறது நல்லம்" என்றாராம். அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நானும் உம்மா போவார் என்றே நினைத்தேன். 2013இல் அழுதுகொண்டு வந்தவர் அல்லவா? பதினொரு பேரில் எஞ்சியிருப்பவர்களும், படலையும், கிணறும், இடது பக்கமும் இனி என் நினைவில் மட்டும்தான் என்று எண்ணி அன்றிரவு விடுதியில் எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த ஞாயிறு என் முறை வந்தபோது நான் எத்தனைக்கு எத்தனை என்று கேட்கவில்லை. "உம்மா, எப்ப போறீங்க?" என்று கேட்டேன்.

"ராத்தாக்குப் புள்ள கிடைக்க ஒரு மாசம் போய் நிப்பன். பிறகு வந்துருவன்" என்றார்.

"ஏன் உம்மா? அங்க எல்லாரும் இருக்காங்களே?"

உம்மாவுக்குப் பெரிய காரணங்கள் சொல்லத் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "புள்ளைக்கு ஞாயித்துக்கிழமை மட்ச் இருக்கே. நான் இல்லாட்டி அந்த வயசானவருக்கு யாரு தேத்தண்ணி கொண்டு போறது?"

பின்னால் நின்ற தோழி நேரமாகிறது என்று என் தோளைத் தட்டினாள். நான் அவசரமாக, "சரி, இண்டைக்கு எத்தனைக்கு எத்தனை?" என்றேன்.

"முதல்ல கேளு, ஏழாம் நம்பர் புள்ளைக்குக் கால் சுகமாயிட்டு" என்று உம்மா தொடங்கினார்.